பிள்ளையின் அலகு மூட்டைப் பார்ப்பது எப்படி: சத்தத்தை விடுங்கள், திறப்பை அளவுங்கள்

"அலகு மூட்டு நோகுது" என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் என்னிடம் வருவதில்லை. காதுக்குத்து என்று வரும், தலையிடி என்று வரும், பல்லுக்கொதி என்று வரும். சில பிள்ளைகள் எதையுமே சொல்லாது. அம்மாதான், "இவன் முந்தி மாதிரிச் சாப்பிடுறான் இல்லை டொக்டர், சின்னச் சின்னக் கவளமா வாங்கிறான்" என்று சொல்லுவார். காதுக்குச் சொட்டு மருந்தும் தலையிடிக்குப் பரசிற்றமோலும் வாங்கிப் பல மாதம் போன பிறகுதான் பற்பிரிவின் கதவு தட்டப்படும்.

நான் வன்னியில் அரச வைத்தியசாலை ஒன்றின் பற்பிரிவில் வேலை செய்கிறேன். இது எங்கள் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களுக்காகவும், வெளிநோயாளர் பிரிவில் பிள்ளைகளைப் பார்க்கும் இளம் வைத்தியர்களுக்காகவும் எழுதுகிறேன். தாய் தகப்பனும் ஆசிரியர்களும் வாசித்தால் இன்னும் சந்தோசம், ஏனென்றால் இதில் பாதி வீட்டிலேயே செய்யக்கூடியது. தேவையானது ஒரு அடிமட்டம், இரண்டு சுத்தமான கை, ஐந்தாறு நிமிடப் பொறுமை.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் அலகில் 'டக்' என்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் ஒரு கெடுதலும் செய்யாது. நோ இருந்தால் அது பெரும்பாலும் தசைநோ, அதுவும் ஆறும். ஆனால் பிள்ளையின் முகத்தையே கோணலாக்குகிற, வாயைப் பூட்டிப் போடுகிற வருத்தங்கள் பல நேரம் நோவே இல்லாமல் வருகின்றன. அவற்றைக் காட்டித் தருவது வாய் எவ்வளவு திறக்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்ற இரண்டும்தான். நோவைத் தேடிப் போகிறவர் இவற்றைத் தவறவிடுவார்.

மூட்டு இருக்கும் இடம் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால். சுட்டுவிரலை அங்கே வைத்து வாயைத் திறந்து மூடினால், கீழ் அலகின் உருண்டையான தலை முன்னுக்கு வழுக்கிப் போய்த் திரும்பி வருவது விரலில் தெரியும். அந்தத் தலைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளில் அந்தத் தலை இன்னொரு வேலையும் செய்கிறது: கீழ் அலகு வளருவதில் பெரும்பங்கு அதனுடையது. ஒரு பக்கத் தலை கெட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி குறையும், மற்றப் பக்கம் வளர்ந்துகொண்டே போகும். வளர்ந்தவரில் மூட்டு நோவாக மட்டும் நிற்கிற ஒரு கேடு, ஏழு வயதுப் பிள்ளையில் முகத்தின் வடிவத்தையே மாற்றிவிடும்.

கேட்பது

வயதான ஒருவரிடம் கேட்பதுபோலப் பிள்ளையிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றுதான் வரும். வெள்ளைக் கோட்டுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொடுக்கும் மரியாதை அது. ஆகவே, "இங்க நோகுதோ?" என்று தொடங்காமல், "நோகிற இடத்தை ஒரு விரலால தொட்டுக் காட்டு பாப்பம்" என்று தொடங்குங்கள். காதைக் காட்டுகிறதா, காதுக்கு முன்னாலா, சொக்கையின் நடுவையா, கண்ணுக்கும் காதுக்கும் இடையில் உள்ள கன்னப்பொறியையா என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு விரல் பாதி வழியைக் காட்டிவிடும்.

சுவீடனில் பொதுப் பற்சிகிச்சையில் மூன்று கேள்விகளை வைத்து இந்த வருத்தங்களைச் சலித்தெடுக்கிறார்கள். நான் அதை எங்கள் பேச்சில் கேட்கிறேன்: "கிழமையில ஒரு நாளெண்டாலும் கன்னப்பொறி, முகம், அலகு, காதடி நோகிறதோ?" "கிழமையில ஒரு நாளெண்டாலும் வாயைத் திறக்கேக்க, சப்பேக்க நோகிறதோ?" "கிழமையில ஒரு நாளெண்டாலும் வாய் இறுகி, திறக்க ஏலாமல் இல்லாட்டி மூட ஏலாமல் நிக்கிறதோ?" ஒன்றுக்கு ஓம் என்றாலும் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிழமைக் கணக்கு பிடிபடாது. "போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதுக்குப் பிறகு நொந்ததோ?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு நோ என்பதற்கு இலக்கம் கேட்காமல், ஆறு முகம் வரைந்த நோவளவுப் படத்தைக் காட்டுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டும்.

என் சொந்தக் கேள்வி ஒன்றும் இருக்கிறது: "புழுக்கொடியல் சப்புவியோ?" பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது அது, எங்கள் பக்கத்தில் அதைவிடக் கடினமான தீன் இல்லை. தசையோ மூட்டோ நோகிற பிள்ளை அதை விட்டு ஒதுங்கியிருக்கும். கச்சானையும் ரோஸ் பாணையும் கூட ஒதுக்குகிறதென்றால் நோ பெரியது. சாப்பாட்டுக் கேள்வி பிள்ளையைப் பயப்படுத்தாது, பதிலிலும் பொய் வராது.

அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டியவை வேறு. நாடி அடிபட விழுந்ததுண்டா, எத்தனை வயதில் என்றாலும். காலையில் எழும்பியவுடன் விறைப்பா, பின்னேரத்தில் உளைவா. வேறு மூட்டுகளில் வீக்கம் வந்ததா. இரவில் பல் நெருமுகிறதா, குறட்டை விடுகிறதா. சத்திக்கோ வயிற்றுக்கோ அண்மையில் என்ன மருந்து குடித்தது.

பார்ப்பது

பிள்ளையைக் கதிரையில் நேரே இருத்துங்கள். படுக்க வைத்தால் அலகு பின்னுக்குப் போய்விடும். முன்னால் நின்று, புருவ நடுவில் இருந்து நாடி நடு வரைக்கும் பல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நாடி ஒரு பக்கம் விலகியிருந்தால் உடனே தெரியும். பிறகு பின்னால் போய் நின்று, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சரித்து மேலே இருந்து பாருங்கள். இரண்டு அலகு மூலைகளும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்பது அங்கிருந்துதான் துலக்கமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்க்கையில் நாடி உள்ளே போய்ச் சிறுத்துத் தெரிகிறதா என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேர் செய்யாதது. நாக்கை அமத்திப் பார்க்கும் மரத்தட்டை இரண்டு பக்கக் கொடுப்புப் பல்லிலும் படும்படி குறுக்கே வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். தட்டு கண்களின் கோட்டுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மேலே ஏறி நின்றால், அந்தப் பக்க அலகு குட்டையாக வளர்கிறது என்று சந்தேகப்படுங்கள். தாய் சம்மதித்தால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அவருடைய தொலைபேசியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அளப்பது

இதுதான் இந்தக் குறிப்பின் நடு இடம், இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் பிள்ளையின் சொந்த விரல்: "உன்ர மூண்டு விரலையும் அடுக்கி, நிமித்தி வாய்க்குள்ள வை பாப்பம்." சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நிமிர்ந்து போக வேண்டும். பிள்ளையின் விரலாகத்தான் இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல. இரண்டு விரலோடு நின்றால் அடிமட்டத்தை எடுங்கள்.

அடிமட்டத்தால் மேல் முன்பல்லின் நுனியில் இருந்து கீழ் முன்பல்லின் நுனி வரை அளவுங்கள். மூன்று அளவு வேண்டும். நோகாமல் எவ்வளவு திறக்கும். நொந்தாலும் பரவாயில்லை என்று தானே எவ்வளவு திறக்கும். கடைசியாக, உங்கள் பெருவிரலை மேற்பல்லிலும் நடுவிரலைக் கீழ்ப்பல்லிலும் வைத்து மெதுவாக விரித்தால் எவ்வளவு கூடும். கடைசி அளவில்தான் தசைக்கும் மூட்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. தசை இறுகியிருந்தால் விரல் கொடுக்கக் கொடுக்க வாய் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். தட்டு விலகிச் சிக்கியிருந்தாலோ எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தாலோ ஒரு இடத்தில் கெட்டியாக முட்டி நிற்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், தள்ளாதீர்கள்.

ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்திருக்கும். அப்போது எந்தப் பல்லில் இருந்து, அல்லது முரசில் இருந்து, அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் அடுத்த முறை அளவு பயன்படாது. மேற்பல் கீழ்ப்பல்லை எவ்வளவு மூடி நிற்கிறது என்பதையும் தனியாகக் குறித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளையில் 35 மில்லிமீற்றருக்குக் கீழ் என்றால் நான் காரணம் தேடாமல் விடமாட்டேன். 12, 13 வயதுக்குப் பிறகு அந்தக் கோட்டை 40 க்கு ஏற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒரு தனி இலக்கத்தைவிட, போன முறை 41 இருந்தது இந்த முறை 36 என்ற வித்தியாசம்தான் எனக்குப் பயத்தைத் தரும். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் வெறும் இடம் இருக்கும். திகதி, அளவு, எந்தப் பல் என்று அதில் எழுதுங்கள். எங்கள் தாய்மார் இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலேயே அந்தப் புத்தகத்தைப் பையில் சுற்றி வைத்துக் காப்பாற்றினார்கள், எங்கள் வைத்தியசாலை அட்டையைவிட அது பத்திரமாக இருக்கும். தரம் 1, 4, 7, 10 இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் மூன்று விரல் பார்ப்பதை மட்டும் சேர்த்தாலே எத்தனையோ பிள்ளைகள் நேரத்துக்கு வந்து சேர்வார்கள் என்பது என் ஆசை.

திறக்கும் பாதையையும் பாருங்கள். நேரே இறங்குகிறதா, ஒரு பக்கம் வளைந்துபோய்த் திரும்ப நடுவுக்கு வருகிறதா, அல்லது போன பக்கமே போய் நிற்கிறதா. ஒரு பிணைச்சல் இறுகின கதவு அந்தப் பக்கமே இழுபடுவதுபோல, நாடி வழுக்காத மூட்டின் பக்கத்துக்குத்தான் சரியும். வலப்பக்கம் சரிந்தால் வல மூட்டைச் சந்தேகியுங்கள். பிறகு கீழ் அலகை இடம், வலம், முன் என்று நகர்த்தச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 7, 8 மில்லிமீற்றர் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. நீங்கள் செய்து காட்டினால் அவர்களும் செய்வார்கள்.

தொடுவது

வளர்ந்தவர்களின் அலகு மூட்டு வருத்தங்களை இனங்காண்பதற்கான சர்வதேச வரையறை, 2014 இல் வந்த டிசி-டிஎம்டி, தசைக்கு 1 கிலோ அழுத்தம், மூட்டுத் தலைக்கு அரைக்கிலோ என்று சொல்கிறது. பிறகு அதைப் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஏற்றபடி மாற்றினார்கள். ஒரு கிலோ அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கடைத் தராசு ஒன்றில் விரல் நுனியை வைத்து அமத்திப் பழகுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அரைக்கிலோவை நிறுத்தத் தெரியும் வரைக்கும். சின்னப் பிள்ளையில் அதிலும் குறைத்தே தொடங்க வேண்டும்.

முதலில் நோக இடமில்லாத ஒரு இடத்தை, நெற்றி நடுவை அல்லது முன்னங்கையை, அமத்திக் காட்டுங்கள்: "இது அமத்திறது மட்டும். இதுக்கு நோகுதெண்டு சொல்லத் தேவையில்லை. நோவெண்டா கையைத் தூக்கு." அங்கேயே கையைத் தூக்குகிற பிள்ளை பயந்திருக்கிறது. கொஞ்சம் கதைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பல்லைக் கடிக்கச் சொல்லும்போது சொக்கையில் புடைத்து எழும்புவது ஒரு தசை. அதைக் கன்ன எலும்புக்குக் கீழே, நடுவில், அலகு மூலையில் என்று மேலிருந்து கீழாகத் தொடுங்கள். கன்னப்பொறியில் இருந்து காதுக்கு மேலே விசிறியாகப் பரவுவது மற்றது. கடைசியில் மூட்டு: வாய் மூடியிருக்கையில் காதுக்கு முன்னால், பிறகு சற்றுத் திறந்த நிலையில். வாய்க்குள் விரலை விட்டுப் பின்தசையைத் தேடுவதை நான் பிள்ளைகளில் செய்வதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அது நோகும், ஒன்றையும் தீர்மானிக்க உதவாது.

ஒவ்வொரு இடத்திலும் "நோகுதோ?" என்பதோடு நிற்காதீர்கள். "நீ வீட்டில சொன்ன அதே நோவோ, வேற நோவோ?" என்று கேளுங்கள். முடிவு இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. கடந்த 30 நாட்களில் நோ இருந்து, சப்பினாலோ வாயைத் திறந்தாலோ அது கூடிக் குறைந்து, நீங்கள் தசையைத் தொடும்போது அதே நோ வந்தால், அது தசைநோ. மூட்டைத் தொடும்போது அதே நோ வந்தால் மூட்டுநோ. கன்னப்பொறித் தலையிடி அலகு அசைவோடு மாறி, அந்தத் தசையைத் தொடும்போது அதே தலையிடியாகத் திரும்பி வந்தால், தலையிடிக்கும் காரணம் அலகுதான். அமத்தினால் வெறுமனே நோகிறது என்பதை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். விரலை மூட்டில் வைத்து மூன்று தரம் திறந்து மூடச் சொல்லுங்கள். 'டக்' என்று ஒரு துள்ளல் தெரிந்தால் தட்டு கொஞ்சம் விலகி, திறக்கையில் திரும்ப இடத்துக்கு வருகிறது. நோவில்லை, திறப்பு முழுதாக இருக்கிறது என்றால் தாய்க்கு விளக்கி, அளவை எழுதி, அப்படியே விடுங்கள். வளரும் வயதில், அதுவும் பொம்பிளைப் பிள்ளைகளில், இது சாதாரணம். இதற்காகப் பல்லைத் தேய்க்கவோ, கம்பி போடவோ, வளரும் அலகில் பல்லுக்கு மேலே கடிதட்டு மாட்டவோ வேண்டாம். முந்தி 'டக்' கேட்டு, இப்போது சத்தம் நின்று வாயும் குறுகிவிட்டது என்றால் கதை வேறு, அனுப்புங்கள். மணலில் மிதிப்பதுபோலக் கரகரத்தால், பிள்ளை எந்த வயதென்றாலும் அனுப்புங்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

பல் முதல். கீழ்க் கொடுப்புப் பல்லின் சீழ் வாயைத் திறக்கவிடாது. ஒவ்வொரு பல்லையும் கண்ணாடிப் பிடியால் தட்டிப் பாருங்கள். ஆறு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் புதுக் கொடுப்புப் பல் முளைக்கும் இடத்து முரசையும் பாருங்கள்.

அடுத்தது காது. குளத்திலும் வாய்க்காலிலும் நீந்துகிற பிள்ளைகள் இங்கே நிறைய. காதுத் துவாரத்து முன்னால் நிற்கும் குருத்தை அமத்தினாலோ காது மடலை இழுத்தாலோ துள்ளினால் அது வெளிக்காதுப் புண். மூட்டும் அந்தக் குருத்தும் கிட்டக் கிட்ட இருப்பதால் விரல் எதில் நிற்கிறது என்பதில் கவனம் வேண்டும். காய்ச்சலோடு காதடி வீங்கி, காதுச் சோணையைத் தூக்கி நிற்குமென்றால் கூகைக்கட்டை நினையுங்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெடியனுக்கு வாய் குறுகி, நோவில்லை என்றால், உள்ளே விரலை விட்டுச் சொக்கையின் உட்பக்கத்தைத் தடவுங்கள். வெளிறி, நார் நாராகக் கயிறு ஓடுவதுபோலத் தெரிந்தால் அது மூட்டு வருத்தமே அல்ல. பாக்கும், பாக்கோடு புகையிலை கலந்த மாவாவும் செய்த வேலை. "உறைப்புக் கறி வாய்க்குள்ள எரியுதோ?" என்று கேளுங்கள். இது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. தாய்க்கு முன்னால் பிள்ளை பாக்கை ஒத்துக்கொள்ளாது, தனியே கேளுங்கள், ஏசாமல் கேளுங்கள்.

நாடி அடிபட்ட பிள்ளை

இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இங்கே நான் காணும் துயரங்களில் அதிகம் இதனால் வந்தவை.

சைக்கிள் பாரில் இருந்து, மதகில் இருந்து, லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இருந்து, நாவல் மரத்தில் இருந்து எங்கள் பிள்ளைகள் நாடி அடிபட விழுகிறார்கள். நாடி பிளக்கும், இரத்தம் வரும், எங்கேயோ இழை போடுவார்கள், காயம் ஆறிவிடும். ஆனால் நாடியில் பட்ட அடி அலகு வழியே மேலே போய் மெல்லிய மூட்டுக் கழுத்தை முறிக்கும். நாடிக் காயம் அதை மறைத்துவிடும்.

தரம் மூன்று படிக்கும் ஒரு பெடியன். நாடிக்குக் கீழே பழைய தழும்பு. தாய் கூட்டிவந்தது சாப்பாடு குறைந்ததென்று. நோ எங்கும் இல்லை. மூன்று விரலில் ஒன்றுதான் சுகமாகப் போனது. அடிமட்டம் 22 காட்டியது. வாயைத் திறக்கையில் நாடி வலப்பக்கம் சரிந்தது. என் இடது சுட்டுவிரலின் கீழ் பெடியனின் வலப்பக்க மூட்டு அசையவே இல்லை. மற்ற விரலின் கீழ் தலை நன்றாக வழுக்கிப் போய் வந்தது. விரித்துப் பார்த்தேன், கெட்டியாக நின்றது. "எப்ப விழுந்தவன்?" என்று கேட்டேன். "அது போன வருசம் டொக்டர், இழை போட்டு ஆறிப்போச்சே" என்றார் தாய். அந்த நேரம் காயத்தைத் தைத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். மூட்டு ஒட்டத் தொடங்கிய பிறகு அறுவைச் சிகிச்சை, பயிற்சி, முகவளர்ச்சி முடியும் வரை பார்த்துக்கொண்டே இருப்பது என்று அந்தக் குடும்பத்துக்கு நீண்ட பாதை.

ஆகவே நாடி பிளந்த எந்தப் பிள்ளையிலும், தைப்பதற்கு முன்போ பின்போ, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். சரிகிறதா, பற்கள் முன்போலப் பொருந்துகின்றனவா, முன்பல் சந்திக்காமல் திறந்து நிற்கிறதா, காதில் இரத்தம் வருகிறதா, காதுக்கு முன்னால் நோகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் முழு அலகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் தெரியாவிட்டாலும் அறிகுறி தொடர்ந்தால் சீ.ரீ. ஸ்கான். பெரும்பாலான பிள்ளைகளில் நேரத்துக்குப் பிடித்தால் மெதுச் சாப்பாடும் வாய் அசைவுப் பயிற்சியும் போதும். அலகை நீண்ட நாள் கட்டி வைப்பது ஒட்டுவதற்கு வழிவிடும். விழுந்த விதமும் காயமும் பொருந்தவில்லை, பிள்ளை பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறது என்றால், அதையும் எழுதுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்குத்தான்.

நோவில்லாத மற்றொன்று

பதினாறு வயதுக்கு முன் தொடங்கி ஆறு கிழமைக்கு மேல் நிற்கும் மூட்டுவாதம் அலகு மூட்டையும் பிடிக்கும், பல பிள்ளைகளில் சத்தமில்லாமல். நாடி சிறுக்கும், வாய் மெல்ல மெல்லக் குறுகும், காலை விறைப்பு இருக்கும். முழங்கால், கணுக்கால், விரல் மூட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இந்த வருத்தம் இருக்கலாம். எம்ஆர்ஐ தான் மூட்டுக்குள் இருப்பதைக் காட்டும். குழந்தை வைத்தியரிடம் அனுப்பும்போது கண் பரிசோதனையும் கேளுங்கள், அதே வருத்தம் கண்ணுக்குள்ளும் நோவில்லாமல் அழற்சியை உண்டாக்கும்.

அன்றைக்கே அனுப்ப வேண்டியவை: காயம் பட்டபின் அலகு இறுகி, கழுத்தும் முதுகும் விறைக்கும் பிள்ளை, அதாவது ஏற்புவலிச் சந்தேகம், சத்தி நிற்கக் கொடுத்த மருந்துக்குப் பிறகு அலகு ஒரு பக்கம் இழுத்து, நாக்குத் தள்ளி, கண் மேலே சொருகும் பிள்ளை, வாய் திறந்தபடி மூட ஏலாமல் நிற்கும் பிள்ளை, காய்ச்சலோடு காதுக்கு முன்னால் சிவந்து வீங்கிய பிள்ளை. இவை பற்பிரிவு வரிசையில் நிற்கக்கூடாது. உதடோ நாடியோ விறைத்து, இரவில் நித்திரையைக் குழப்பும் நோவோடு மெலிந்துவரும் பிள்ளையையும் அந்தக் கிழமைக்குள் அனுப்புங்கள்.

நெருமுதலும் மனமும்

"நித்திரையில பல்லு நெருமுறாள், பூச்சியோ டொக்டர்?" இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளைக்குக் கொடுங்கள், ஆனால் நெருமுதல் அதனால் நிற்குமென்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளில் நெருமுதல் பரவலானது, பெரும்பாலும் வளர வளரத் தானே குறையும். காலையில் அலகு உளைகிறதா, பல் தேய்ந்திருக்கிறதா, வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடுகிறதா என்று பாருங்கள். குறட்டை இருந்தால் மூக்கையும் தொண்டையையும் பார்க்க அனுப்புங்கள்.

பகலில் பல்லை இறுக்கிக் கடிப்பதைத்தான் நான் கூடுதலாகக் கேட்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தரம் ஐந்துப் பிள்ளைகள் கன்னப்பொறித் தலையிடியோடு வருவார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அம்மாவின் பிள்ளை வரும். யுத்தம் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது எங்களிடம் வருகிறார்கள், ஆனால் உடம்பில் இரும்புத்துண்டோடு வாழும் தகப்பனும், காணாமல் போனவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பாட்டியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். "நித்திரை வருதோ? பள்ளிக்கூடம் போக விருப்பமோ? வீட்டில ஆரோட கதைப்பாய்?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். கேட்டபிறகு, "எல்லாம் மனசாலதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தசை உண்மையாகவே நோகிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லி, பல் பல்லில் படாமல் உதட்டை மட்டும் மூடி வைக்கப் பழக்குங்கள். சூயிங்கம், பென்சில் கடித்தல், நகம் கடித்தல் நிற்கட்டும். சில நாட்களுக்கு மெதுச் சாப்பாடு, சொக்கையில் இளஞ்சூட்டுத் துணி. தசைநோவுக்கு முதலில் செய்ய வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அனுப்பும் துண்டு

நோ மட்டும், திறப்பு முழுது, முகம் நேர் என்றால் எக்ஸ்ரே வேண்டாம். நாலு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். மற்றவர்களை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கோ குழந்தை வைத்தியருக்கோ அனுப்புவோம். முத்தையன்கட்டில் இருந்தோ முழங்காவிலில் இருந்தோ யாழ்ப்பாணம் போவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும். 'அலகு நோ, பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அங்கே திரும்ப முதலில் இருந்து தொடங்கி, இன்னொரு நாள் வரச் சொல்லுவார்கள்.

ஆகவே துண்டில் இவை இருக்கட்டும்: திறப்பு மூன்று அளவும், எந்தப் பல்லில் அளந்ததென்பதும், முந்திய அளவு இருந்தால் அதன் திகதியோடு, நாடி சரியும் பக்கம், விரித்தால் விட்டுக்கொடுக்கிறதா, முட்டி நிற்கிறதா, தொட்டு அதே நோ வந்த இடம், விழுந்த திகதி, குத்துமதிப்பாக என்றாலும், காலை விறைப்பு, வேறு மூட்டு, பல்லும் காதும் பார்த்தாயிற்று என்ற ஒரு வரி, நீங்கள் எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்பது. எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொடுத்துவிடுங்கள். தாயிடம், மாதம் ஒருக்கால் பிள்ளையின் மூன்று விரலையும் வைத்துப் பார்க்கவும், மூன்று இரண்டாகிவிட்டால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அடுத்த நாளே வரவும் சொல்லி அனுப்புங்கள்.